சொடக்கு போட்டால் நிறம் மாறும்

சாப்பாட்டு மணிக்குப் பிறகு வருகிற முதல் பீரியடில் ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துவது, ஓடுகிற மின்சார ரயிலில் நின்றுகொண்டு ஊசியில் நூல் கோப்பது மாதிரி. புளிசாதமும் தயிர்சாதமும் வேலையைக் காட்டத் தொடங்கும் நேரம் அது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு மறுபடி வகுப்பைப் பார்த்தால், பாதித் தலைகள் பெஞ்சுக்கு இறங்கியிருக்கும். மீதிப் பாதி, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தையைக் கற்றிருந்தது.

தாம்பரத்தில் ஒரு சாதாரணப் பள்ளி. நான் அங்கே அறிவியல் ஆசிரியை. வீடு இரும்புலியூர். என் வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. ஒருநாள் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே அவரிடம் என் குறையைச் சொன்னேன்.

"பசங்க தூங்கினா தூங்கட்டுமே, டீச்சரம்மா. எங்க சேஃப்டி கிளாஸ்ல நாங்க தூங்கலையா? அதுக்காக ஃபேக்டரி நின்னா போச்சு?"

"நான் நடத்துறது யார் காதுலயும் விழலைங்க."

"அப்போ கண்ணுல விழற மாதிரி நடத்து. மேஜிக் பண்ணு."

கிண்டலுக்குத்தான் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், அந்த வாரக் கடைசியில் மார்க்கெட்டுக்குப் போனவர் கத்திரிக்காய் பையோடு ஒரு கறுப்புத் துணித் தொப்பியையும் வாங்கி வந்தார். பிறந்தநாள் விழாக்களுக்கு விற்கிற தொப்பி, மேலே வெள்ளி நட்சத்திரம் ஒட்டியது. நான் அதைப் போட மாட்டேன் என்று அவர் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குவதற்காகவே திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தேன்.

தூக்கம் போய்விட்டது. அதில் சந்தேகமே இல்லை.

முதல் மேஜிக்குக்கு மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காய வைத்த தாள்களைக் கொண்டுபோயிருந்தேன். சுண்ணாம்புத் தெளிநீரில் தூரிகையைத் தோய்த்து, "இப்போது ரத்த எழுத்து தோன்றப் போகிறது" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு எழுதினேன். மஞ்சள் தாளில் எழுத்து குப்பென்று சிவந்தது. முன் பெஞ்சுகளில் 'ஹா' என்று ஒரு பெருமூச்சு. நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கைதட்டலுக்காகக் காத்திருந்தேன்.

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். முடிச்சூரிலிருந்து வருகிறவள். ரெட்டைப் பின்னல், எப்போதும் ஒரு பக்கம் ரிப்பன் அவிழ்ந்திருக்கும்.

"மிஸ், இது ஆரத்தி தானே? எங்க தெருவுல கல்யாணம்னா எங்க அம்மா தான் கரைப்பாங்க. மஞ்சளும் சுண்ணாம்பும். நீங்க தாள்ல கரைச்சிருக்கீங்க."

வகுப்பு மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் தாமதமாக. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் தட்டில் இருந்த தோசையை மறந்து சிரித்தார். "பாவம், மந்திரவாதிக்கு முதல் நாளே ஆரத்தி எடுத்துட்டாங்க" என்றார்.

ஆனால் நான் பின்வாங்கவில்லை. அடுத்த மேஜிக் ஆரத்தித் தட்டுக்குள் அடங்காததாக இருக்கவேண்டும் என்று யோசித்தேன். ஒரு ஜாடியில் தண்ணீர். அதில் பினாப்தலீன் என்ற நிறங்காட்டி சில சொட்டு. பார்த்தால் வெறும் தண்ணீர்தான். மேசைமேல் காலிக் கண்ணாடித் தம்ளர்கள். காலி என்பது பார்ப்பவர்களின் கணக்கு. அடியில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம், சில சொட்டு இருக்கும். ஜாடித் தண்ணீரைத் தம்ளரில் ஊற்றினால் ரோஸ் மில்க் கடைக்காரர் பொறாமைப்படும் நிறம் வரும். ஊற்றும்போது நான் ஒரு சொடக்குப் போட்டேன். எனக்கு இடது கைப்பழக்கம், ஜாடி வலது கையில், சொடக்கு இடது கையில். நேரம் கச்சிதமாகப் பொருந்தியது.

அந்தச் சொடக்குதான் எனக்குப் புகழ் தேடித் தந்தது. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்கள். வராந்தாவில் போனால் ஆறாம் வகுப்பு வாண்டுகள்கூட விரலைச் சொடுக்கிக் காட்டின. 'மேஜிக் மிஸ்' என்று பெயர் வந்தது. உள்ளுக்குள் எனக்குப் பெருமை தாங்கவில்லை என்பதை என் முகமே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் என் வீட்டுக்காரர் உப்பு டப்பாவை நகர்த்தச் சொல்வதற்குக்கூட, "கொஞ்சம் சொடக்குப் போடேன், தானா வரட்டும்" என்றார்.

பிறகு காலாண்டுத் தேர்வு வந்தது.

கேள்வி எளிமையானது. பினாப்தலீன் கலந்த நீரைக் காரத்துடன் சேர்க்கும்போது நிகழ்வது என்ன, ஏன்? சாப்பாட்டு மேசையில் விடைத்தாள்களைப் பரப்பித் திருத்த உட்கார்ந்தேன். முதல் தாளில், 'மிஸ் சொடக்கு போட்டதும் நீர் இளஞ்சிவப்பாக மாறும்' என்று இருந்தது. குறும்பு என்று நினைத்தேன். இரண்டாவது தாளிலும் சொடக்கு. எடுக்க எடுக்கச் சொடக்காகவே வந்தது. நன்றாகப் படிக்கிற ஒரு பையன் இன்னும் துல்லியமாக எழுதியிருந்தான்: 'சொடக்கு இடது கையால் போடப்பட வேண்டும்.' அடிக்கோடு வேறு.

என் வீட்டுக்காரர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு எவ்வளவு மார்க்கு?"

"சைபர்."

"அநியாயம். இடது கைன்னு கவனிச்சிருக்கான் பாரு. உத்துப் பாத்ததுக்கு அரை மார்க்காவது குடு."

நான் சிரிக்க மறுத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அது கடைசிப் பெஞ்சுக்காரியுடையது. 'தம்ளரின் அடியில் மிஸ் முன்பே ஏதோ ஊற்றி வைத்திருந்தார்கள். அது என்ன என்று சொல்லவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தாள். அது என்ன என்று நான் சொல்லியிருந்தேன். ஆனால் கைதட்டல் ஓய்வதற்கு முன்பே சொல்லி முடித்திருந்தேன், யார் காதிலும் அது ஏறவில்லை. தூங்குகிற வகுப்புக்கு நடத்துவதும் கைதட்டுகிற வகுப்புக்கு நடத்துவதும் கடைசியில் ஒரே மதிப்பெண்ணில் வந்து நிற்பதைப் பார்த்து, பேனாவை மூடி வைத்தேன்.

தேர்வு முடிந்து வகுப்பு தொடங்கியதும் தொப்பியை பீரோமேல் வைத்துவிட்டேன். ஒரு புதுச் சட்டம் போட்டேன். ஒவ்வொரு மேஜிக்கையும் செய்து காட்டிய அன்றே அதன் சங்கதி முழுவதையும் சொல்லிவிடுவேன். அடுத்த வாரம் அதையே மறுபடி செய்வேன். ஆனால் இந்த முறை அவர்களில் யாராவது அதைக் கெடுக்க வேண்டும். எப்படிக் கெடுத்தார்கள் என்று அவர்கள் சொல்லக்கூடாது. நான் கண்டுபிடிக்க வேண்டும். ஆய்வகத்துச் சாமான் எதையும் தொடக்கூடாது. வீட்டில் சாப்பிடுகிற, குடிக்கிற பொருளாக மட்டும் இருக்க வேண்டும். மேஜிக்கில் பயன்படுத்தியதை யாரும் வாயில் வைக்கக்கூடாது.

மிஸ்ஸை மாட்டிவிட அதிகாரபூர்வமாக அனுமதி கிடைத்தால் பிள்ளைகள் விடுவார்களா? எலுமிச்சை வந்தது, மூக்கால் கண்டுபிடித்தேன். புளித் தண்ணீர் வந்தது, நிறமே காட்டிக்கொடுத்தது. ஒருவன் மோரை ஊற்றினான். ஜாடி முழுக்க வெள்ளையாகி, மேஜிக்கும் தெரியவில்லை, கெடுத்ததும் தெரியவில்லை. அவனுக்கு வகுப்பே கைதட்டியது. ஆனால் இடையிடையே வேறு பேச்சும் காதில் விழுந்தது. "புளிப்பா இருக்கிறது எல்லாமே கெடுக்குதுடா." "அப்போ தக்காளி?" "தக்காளி செவப்பு, தெரிஞ்சிடும்." அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன் செய்யும் என்பதை நான் கரும்பலகையில் எழுதியபோது யாரும் இப்படி விவாதித்ததில்லை.

முடிச்சூர்க்காரி மட்டும் எதுவும் கொண்டு வராமல் இருந்தாள். ஒரு வாரம் எழுந்து வந்தாள். இளநீர்க் கடையில் கொடுக்கிற ஸ்ட்ரா ஒன்றை எடுத்து, இளஞ்சிவப்பாக நின்ற தம்ளருக்குள் விட்டு ஊதினாள். உறிஞ்சிவிடப் போகிறாளே என்று நான் பதறிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அவள் கன்னம் உப்ப உப்ப ஊதினாள். முகம் சிவக்கச் சிவக்கத் தம்ளரின் நிறம் வெளுத்தது. கடைசியில் வெறும் தண்ணீர்.

"எதுவும் போடல மிஸ். மூச்சு மட்டும்தான்."

விடை எனக்குத் தெரியும் என்பதால் தப்பித்தேன். மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது, அது தண்ணீரில் கரைந்தால் லேசான அமிலமாகிறது, அதுதான் காரத்தை அடக்கியது என்று சொன்னேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ நான் தம்ளர் பக்கத்துல உக்காந்து பேசிகிட்டே இருந்தா கூட வெளுத்துடுமா மிஸ்?"

"நீ பேசினா சீக்கிரமே வெளுத்துடும்" என்றேன். இந்த முறை கைதட்டல் எனக்கு.

ஆண்டு விழா நெருங்கியது. தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, நடனங்களுக்கு நடுவே மேடையில் ஒரு வேதியியல் மேஜிக் செய்யச் சொன்னார். கண்டிப்பானவர், நடையிலேயே நேரம் தெரியும். சிறப்பு விருந்தினர் கிடைக்காமல் திண்டாட்டம் என்றார். நான் வீட்டில் சொல்லப்போக, என் வீட்டுக்காரர் தன் தொழிற்சாலையின் மேலாளரையே ஏற்பாடு செய்துவிட்டார். விழா அன்று இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், மேலாளருக்குப் பக்கத்து நாற்காலியில், விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நான் அவரை அப்படிப் பார்த்தது எங்கள் கல்யாணத்தன்று மட்டும்தான்.

பீரோமேல் இருந்த தொப்பி அன்று கீழே இறங்கியது. மேடைக்குப் பின்னால் சாமான்களை எடுத்து வைக்கும் வேலையை ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் சிலரிடம் கொடுத்திருந்தேன். ஜாடியில் தண்ணீர் நிரப்பும் பொறுப்பை முடிச்சூர்க்காரி தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு தட்டால் மூடிய ஜாடியை அவள் நீட்டினாள். நான் அவசரத்தில் பினாப்தலீன் சொட்டுகளை விட்டேன், தம்ளர்களில் காரத்தை விட்டேன், மேடை ஏறினேன்.

நீளமாகப் பேசினேன். இந்தச் சாதாரணத் தண்ணீர் உங்கள் கண் முன்னால் நிறம் மாறப்போகிறது என்றேன். முதல் தம்ளரில் ஊற்றிச் சொடக்குப் போட்டேன்.

தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

இன்னொரு தம்ளரில் ஊற்றினேன். சொடக்கு. ஒன்றுமில்லை. ஒலிபெருக்கி வழியாக என் சொடக்கு மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டது. கூட்டத்தில் சிரிப்பு முளைத்தது. என் வீட்டுக்காரர் நாற்காலியில் மெதுவாகச் சரிந்துகொண்டிருந்தார். தலைமை ஆசிரியை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நிறங்காட்டி போதவில்லையோ என்று தம்ளரில் இன்னும் சில சொட்டு விட்டேன். பயனில்லை. காரம் பழசாகிவிட்டதோ என்று எண்ணிய நேரத்தில், மேடைப் படிக்கட்டு ஓரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மிஸ், கண்டுபிடிங்க!"

திரும்பிப் பார்த்தேன். ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்திருந்தது. அவள் முகத்தில் கொஞ்சமும் விஷமம் இல்லை. வகுப்பில் ஒவ்வொரு வாரமும் நடக்கிற விளையாட்டு, மேடையில் மட்டும் நிறுத்தச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. நான்தான் சொல்லவில்லை.

கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது ஒரு பிடிவாதம். மேலாளராவது விருந்தினராவது, இவளிடம் தோற்கக்கூடாது. தம்ளரை மோந்து பார்த்தேன், புளிப்பு வாசனை இல்லை. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தம்ளரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். கண்ணாடியின் உட்புறத்தில் கடுகைவிடச் சிறிய குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று பிரிந்து மேலே போனது.

"சோடாவா?" என்றேன். மைக் இருப்பதை மறந்துவிட்டேன்.

"ஆமா மிஸ்! காலையிலயே வாங்கித் திறந்து வச்சுட்டேன். பொங்கினா நீங்க பாத்துடுவீங்கன்னு."

மேலாளர் முதல் வரிசையிலிருந்து, "அந்தப் பொண்ண மேடைக்குக் கூப்பிடுங்க" என்றார். அவள் வந்தாள். மூச்சுக்காற்றில் இருப்பதுதான் சோடாவிலும் இருக்கிறது, அதனால் ஊதினால் நடப்பது சோடா ஊற்றினாலும் நடக்க வேண்டும் என்று தோன்றியதாகச் சொன்னாள். இதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. குழாய்த் தண்ணீர் கொண்டுவரச் செய்து நான் ஒரு தம்ளரை இளஞ்சிவப்பாக்கிக் கொடுத்தேன். அவள் சீருடைப் பையிலிருந்து ஸ்ட்ராவை எடுத்தாள். அதையும் தயாராகத்தான் வைத்திருந்தாள். கூட்டம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஊதி ஊதி அதை வெளுக்கச் செய்தாள். அப்போது கிடைத்த கைதட்டல் என் வாழ்நாளில் எந்தச் சொடக்குக்கும் கிடைத்ததில்லை.

மேலாளர் பேசும்போது, "எங்க பிளான்ட்ல மெஷின் நின்னா நாங்களும் இப்படித்தான் கொஞ்ச நேரம் சொடக்குப் போட்டுகிட்டு நிப்போம். விளக்குக்கு நேரா தூக்கிப் பாக்குறதுக்கு லேட்டாகும்" என்றார். என் வீட்டுக்காரர் மறுபடி நேராக உட்கார்ந்தார்.

விழா முடிந்ததும் அவள் அப்பா என்னைத் தேடி வந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், காக்கிச் சட்டையோடு சவாரிக்கு நடுவில் வந்திருந்தார்.

"இன்னா டீச்சர், என் பொண்ணு பேஜார் பண்ணிச்சா? ஏதோ மேடைல நின்னு பேசிகினு இருந்துச்சு, எனக்கு ஒண்ணும் பிரியல. திட்னாங்களா, தட்னாங்களா?"

"தட்டினாங்கண்ணா. கை" என்றேன். அவர் நம்பிக்கை இல்லாமல்தான் போனார்.

மறுநாள் தலைமை ஆசிரியை அவளையும் என்னையும் அறைக்கு அழைத்தார். கெட்டுப்போன மேஜிக்கைப் பற்றிப் பேசவே இல்லை. "ஸ்கூலுக்குள்ள சோடா எப்படி வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். பஸ் ஸ்டாப்புக் கடையில் வாங்கி, சாப்பாட்டுக் கூடையில் வைத்துக் கொண்டுவந்ததாக அவள் சொன்னாள். தலைமை ஆசிரியை அவளை முறைத்தார், பிறகு என்னையும் அதே அளவு முறைத்தார். "சீஃப் கெஸ்ட் வரும்போது கெடுக்கக் கூடாதுன்னு உங்க சட்டத்துல சேருங்க மிஸ்."

"அப்போ ரிகர்சல்ல கெடுக்கலாமா மேடம்?" என்றாள் அவள். நான் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இவள் வேதியியலில் பெரிய ஆளாக வருவாள் என்று நான் ஆசிரியர் அறை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பதினொன்றாம் வகுப்பில் அவள் காமர்ஸ் குரூப் எடுத்தாள். நான் அவளை வராந்தாவில் பிடித்து, "என்னடி இது?" என்றேன்.

"எனக்குக் கணக்குப்பதிவு பிடிச்சிருக்கு மிஸ். உங்க கிளாஸும் பிடிச்சிருந்துச்சு. அதுக்காக?"

அன்று வீட்டில் நான் உம்மென்று இருந்ததைப் பார்த்து, "ஒரு நல்ல கெமிஸ்ட் போயிட்டாளேன்னு வருத்தமா, இல்ல உன் ரசிகை போயிட்டாளேன்னா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் உப்பு டப்பாவை அவர் பக்கம் ஓசைப்பட நகர்த்தி வைத்தேன்.

போன மாதம் தாம்பரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது ஒரு ஷேர் ஆட்டோ என் முன்னால் வந்து நின்றது. அவள் அப்பா. "ஏறு டீச்சர், இரும்புலியூர் தானே" என்றார். வண்டியில் வேறு ஆள் இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் ஊர்ந்துகொண்டே அவர் ஒரு கதை சொன்னார்.

"ஒரு ஆளு வூட்டுக்கு வந்தான் டீச்சர், டை எல்லாம் கட்டிகினு. தண்ணி சுத்தம் பண்ற மெஷின் விக்கிறவன். எங்க வூட்டு போர் தண்ணிய ஒரு கிளாஸ்ல புடிச்சான், அவன் மெஷின் தண்ணிய ஒரு கிளாஸ்ல வச்சான். ரெண்டுலயும் கரண்டு கம்பிய வுட்டான் பாரு, எங்க தண்ணி சாக்கட மாறி ஆயிடுச்சு டீச்சர்! அவன் தண்ணி அப்பிடியே பளபளன்னு கீது. என் சம்சாரம் அழுதுட்டா. இத்தினி வருசமா இத்தையா குட்ச்சோம்னு. நான் வாங்கிடலாம்னு முடிவே பண்ட்டேன்."

"அப்புறம்?"

"என் பொண்ணு ரூம்ல இருந்து வந்துச்சு. ஒரு சிட்டிக உப்பு எடுத்து அவன் தண்ணில போட்டுச்சு. 'அண்ணா, இப்போ கம்பிய வுடுங்க'ன்னுச்சு. அவன் மாட்டேன்னான். இது வுடல. கம்பிய வுட்டா, அவன் தண்ணி எங்க தண்ணிய வுட கேவலமா பூட்ச்சு. அழுக்கு தண்ணில இல்ல, கம்பி தான் கரையுதுன்னு சொல்லிச்சு. அந்தாளு டீ கூட குடிக்காம மூட்ட கட்டிகினு போய்ட்டான்."

எனக்கு மழையில் நனைந்தது மறந்துபோனது. உப்புக் கரைந்த தண்ணீரில்தான் மின்சாரம் நன்றாகப் பாயும், பாய்ந்தால்தான் இரும்புக் கம்பி கரையும். சுத்தப்படுத்திய தண்ணீரில் உப்பே இல்லாததால்தான் அது பளபளவென்று நின்றது. இதை அவருக்கு விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி டீச்சர். அப்போ எங்க வூட்டு தண்ணி நல்ல தண்ணியா, கெட்ட தண்ணியா?" என்றார்.

"ஒரு பாட்டில்ல பிடிச்சுக் கொண்டாங்க, பாக்கலாம்."

மறுநாள் காலையில் பள்ளி வாசலில் பாட்டிலோடு நின்றார். இந்த வருட ஒன்பதாம் வகுப்பு அதை எடுத்துக்கொண்டது. சோப்புப் போட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள், நுரை வராமல் வெள்ளைத் திரிதிரியாக மிதந்தது. கொதிக்கவைத்து அடியில் படிந்ததைப் பார்த்தார்கள். சாயங்காலம் அவரிடம் எங்கள் முடிவைச் சொன்னேன். தண்ணீர் கடினத்தன்மை உள்ளது, சோப்பு அதிகம் பிடிக்கும், பாத்திரத்தில் உப்புப் படியும். அதற்காக அது விஷம் என்று அர்த்தமில்லை. குடிக்கலாமா என்று உறுதியாகச் சொல்ல எங்கள் பள்ளியில் வசதி கிடையாது, குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும், அதுவரை குடிக்கிறதுக்கு கேன் தண்ணீர் வாங்குங்கள் என்றேன்.

அவர் காலிப் பாட்டிலை வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டார். முகத்தில் அப்பட்டமான ஏமாற்றம்.

"இதுக்கு அந்தாளே பரவால்ல டீச்சர். அஞ்சு நிமிசத்துல பதில் சொன்னான்."